‘ஃபார்ச்சுனேட் சன்’ யாரைத் திட்டுகிறது?

கேள்வி இது: “‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தில் வியட்நாமில் ஹெலிகாப்டர் வந்து இறங்கும்போது ஒரு ராக் பாட்டு வரும். அதே பாட்டை டிரம்பின் தேர்தல் கூட்டத்திலும் போட்டார்கள். ஒரு ஜீன்ஸ் விளம்பரத்திலும், முன்னாள் ராணுவத்தினருக்கான கச்சேரியிலும் அது வந்திருக்கிறது. அது தேசபக்திப் பாட்டா, போரை எதிர்க்கும் பாட்டா?”

பாட்டின் பெயர் ‘ஃபார்ச்சுனேட் சன்’, அதிர்ஷ்டக்கார மகன் என்று அர்த்தம். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் (சுருக்கமாக சி.சி.ஆர்.) என்ற கலிஃபோர்னியா குழு 1969-ல் வெளியிட்டது. எழுதிப் பாடியவர் ஜான் ஃபோகர்ட்டி. தேசபக்திப் பாட்டு நிச்சயமாக இல்லை. போரை எதிர்க்கும் பாட்டு என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனாலும் அது பாதிப் பதில்தான். பாட்டில் வியட்நாம் என்ற பெயரே வராது. போரை நிறுத்து என்று ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் காலத்துப் பாட்டுகளில் வழக்கமாக வரும் அன்பு, அமைதி, பூ எல்லாம் இதன் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சண்டைக்கு அனுப்பப்படுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை, அனுப்பாமல் காப்பாற்றப்படுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை? பாட்டு கேட்பது அவ்வளவுதான். என் கணிப்பில் இது வர்க்கத்தைப் பற்றிய பாட்டு. போர் அதற்கு ஒரு சந்தர்ப்பம்.

வரிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். மூன்று சரணம். முதலாவதில், கொடியை ஆட்டுவதற்கென்றே பிறந்த சிலரைப் பற்றிச் சொல்கிறார். அமெரிக்க ஜனாதிபதி மேடைக்கு வரும்போது பேண்டு வாசிக்கும் மரியாதை இசை ஒன்று உண்டு. அது ஒலிக்கும்போது இவர்கள் பீரங்கியைத் திருப்புவது உன் பக்கம்தான் என்கிறார். இரண்டாவது சரணம் போரை விட்டுவிட்டு, அரசாங்கத்துக்குக் கட்டும் வரிக்குப் போய்விடுகிறது. வெள்ளிக் கரண்டியோடு பிறந்த பணக்காரர்கள், ஆனால் வரி வசூலிப்பவர் வாசலுக்கு வந்தால் வீடு பழைய சாமான் கடை மாதிரி மாறிவிடும். போர் எதிர்ப்புப் பாட்டு என்று மட்டும் நினைத்துக் கேட்கிறவர்களுக்கு இந்த வரிக் கணக்கு எதற்கு என்று புரியாது. வர்க்கப் பாட்டாகக் கேட்டால் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. மூன்றாவதில், கண்ணில் தேசியக் கொடியின் நட்சத்திரங்கள் மின்னுகிறவர்கள் உன்னைப் போருக்கு அனுப்புவார்கள், இன்னும் எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டால் ‘இன்னும், இன்னும்’ என்பதுதான் அவர்கள் பதில். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி: அது நான் இல்லை, நான் செனட்டர் மகன் இல்லை. அடுத்த முறை கோடீஸ்வரன் மகன் இல்லை, அதற்கடுத்து ராணுவப் பெரிய வீட்டு மகன் இல்லை. அதிகாரம், பணம், பரம்பரை என்று மூன்று வாசலையும் தட்டிவிட்டு வருகிறார்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று புரிய, அமெரிக்காவில் அப்போது இருந்த கட்டாய ராணுவச் சேவை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ‘டிராஃப்ட்’ என்பார்கள். 1964 முதல் 1973 வரை டிராஃப்டுக்கான வயதுக்குள் வந்த ஆண்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர். அவர்களில் டிராஃப்ட் மூலம் எடுக்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம். ஆக, பெரும்பாலானவர்கள் போகவில்லை. யார் போகவில்லை என்பதில்தான் விஷயம். கல்லூரியில் படித்தால் படிப்பு முடியும்வரை விலக்கு. உடல்நிலைக் காரணம் காட்டலாம், ஆனால் அதற்கு நல்ல டாக்டரிடம் போய், சரியான வார்த்தைகளில் சர்ட்டிஃபிகேட் வாங்கத் தெரியவேண்டும். தேசியக் காவல்படையிலோ ரிசர்வ் படையிலோ சேர்ந்துகொண்டால் சீருடையும் உண்டு, அநேகமாக வியட்நாம் போகவும் வேண்டாம். அதற்கு நீண்ட காத்திருப்புப் பட்டியல் இருந்தது, அந்தப் பட்டியலில் மேலே ஏற யாரையாவது தெரிந்திருக்கவேண்டும். யாருக்கு விலக்கு என்று முடிவு செய்தவை அந்தந்த ஊர் டிராஃப்ட் போர்டுகள். அதில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். மீதியை நான் சொல்லவேண்டியதில்லை.

இதோடு நிற்கவில்லை. ஆள் போதாமல் போனபோது, கல்லூரிப் பிள்ளைகளைத் தொடுவதற்குப் பதிலாக, ராணுவத் தகுதித் தேர்வில் தேறாதவர்களை எடுப்பதற்குத் தரத்தைக் குறைத்தார்கள். பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா 1966-ல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் ஒன் ஹண்ட்ரட் தௌசண்ட்’ திட்டம் அது. அதன்கீழ் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பள்ளிப் படிப்பு சரியாக இல்லாத ஏழைகள், கறுப்பின இளைஞர்கள் அதில் நிறைய. ஏழைகளுக்குப் பயிற்சியும் வாய்ப்பும் தருகிற திட்டம் என்று பெயர்.

இந்தச் சூழ்நிலையில் ஃபோகர்ட்டியின் கண்ணில் பட்டது ஒரு கல்யாணம். 1968 டிசம்பரில், அப்போதுதான் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்திருந்த ரிச்சர்ட் நிக்சனின் மகள் ஜூலிக்கும், முன்னாள் ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பேரன் டேவிட்டுக்கும் திருமணம் நடந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகள் யாரும் சண்டைக்குப் போகப்போவதில்லை என்ற எண்ணம்தான் பாட்டின் விதை என்று ஃபோகர்ட்டி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணம் மனதில் ஊறிக்கிடந்து, ஒருநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து 20 நிமிடத்தில் எழுதி முடித்ததாகவும் சொல்வார்.

டேவிட் ஐசன்ஹோவருக்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அவர் 1970-ல் கடற்படையில் சேர்ந்து மூன்று வருடம் பணி செய்தார். ‘செனட்டர் மகன்’ என்ற வரியும் எல்லோருக்கும் பொருந்தாது. டென்னஸி செனட்டரின் மகனும் பிற்பாடு துணை ஜனாதிபதியானவருமான அல் கோர், தானாகவே ராணுவத்தில் சேர்ந்து 1971-ல் வியட்நாம் போனார். ராணுவ நிருபர் வேலைதான், ஆனாலும் போனார். அப்பாவும் தாத்தாவும் கடற்படை அட்மிரல்களாக இருந்த ஜான் மெக்கெய்ன் ஐந்து வருடத்துக்கு மேல் வட வியட்நாமில் கைதியாகக் கிடந்தார். எல்லாவற்றையும்விட மனதைப் பிசைவது லூயிஸ் புல்லர் ஜூனியரின் கதை. அமெரிக்க மரைன் படையின் வரலாற்றிலேயே மிக அதிகமான விருதுகள் வாங்கிய ஜெனரல் ‘செஸ்டி’ புல்லரின் மகன் அவர். வியட்நாமில் கண்ணிவெடியில் இரண்டு கால்களையும் இழந்தார். அவர் எழுதிய சுயசரிதைக்கு 1992-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பும் ‘ஃபார்ச்சுனேட் சன்’தான். பல்லவியின் மூன்றாவது வாசலைத் தட்டினால் உள்ளே இருந்து வருகிறவர் சக்கர நாற்காலியில் வருகிறார். பாட்டு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. மேல்தட்டிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் போக விரும்பிப் போனார்கள் அல்லது குடும்ப மரபு என்று போனார்கள். வேறு வழியில்லாமல் போனவனைப் பற்றித்தான் பாட்டு பேசுகிறது.

பாடியவர் எந்தப் பக்கம்? ஃபோகர்ட்டிக்கே 1966-ல் டிராஃப்ட் ஓலை வந்தது. அவசர அவசரமாக ராணுவ ரிசர்வில் சேர்ந்துகொண்டார், 1968-ல் விடுதலை கிடைத்தது. டிரம்மர் டக் கிளிஃபோர்டும் கடலோரக் காவல்படை ரிசர்வில் இருந்தவர். இருவரும் வியட்நாம் போகவில்லை. ஆனால் வரிசையில் நின்றிருக்கிறார்கள், சீருடை போட்டிருக்கிறார்கள், எந்த நிமிடமும் பெயர் வரலாம் என்ற பயத்தோடு இருந்திருக்கிறார்கள். அதனால்தான் பாட்டு போர்வீரனைத் திட்டுவதே இல்லை. அந்தக் காலத்துப் போராட்டப் பாட்டுகளில் பல, கல்லூரி வளாகத்திலிருந்து பாடப்பட்டவை. இது படைவீரர் கொட்டடியிலிருந்து பாடிய மாதிரி இருக்கும். வியட்நாமில் இருந்த வீரர்களே இதை விரும்பிக் கேட்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இசையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் பலம். மொத்தம் 2 நிமிடம் 20 விநாடி. டிரம் ஆரம்பிக்கும், பேஸ் கிட்டார் சேரும், அப்புறம் மேலிருந்து இறங்கி வருகிற அந்தக் கிட்டார் துணுக்கு. ஜி, எஃப், சி என்று மூன்றே கார்டுகளில் சரணம் ஓடிவிடும், கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவரே வாசிக்கலாம். நடுவில் நீளமான கிட்டார் தனி ஆவர்த்தனம் கிடையாது. 1969-ல் சக குழுக்கள் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று வாசித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் ரேடியோவில் போடும் நீளத்திலேயே நின்றார்கள். ஃபோகர்ட்டியின் குரல்தான் முக்கியம். தொண்டை கிழியும் இடத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் நிற்கும் குரல். தெற்கு மாநிலத்துச் சதுப்புநிலத்தில் பிறந்தவர் மாதிரிப் பாடுவார், உண்மையில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் எல் செரிட்டோ என்ற ஊர்க்காரர்.

‘வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்’ ஆல்பத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் அவர்கள் வெளியிட்ட மூன்றாவது ஆல்பம் அது. சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டாக, ‘டவுன் ஆன் த கார்னர்’ என்ற குஷியான தெருப் பாட்டின் மறுபக்கத்தில் வந்து, இரண்டும் சேர்ந்து பில்போர்டு பத்திரிகையின் பிரபல பாட்டுகள் பட்டியலில் 3-வது இடம் வரை போனது, 1969 டிசம்பரில். அதே டிசம்பர் 1-ம் தேதிதான், யாரை முதலில் அழைப்பது என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்யும் டிராஃப்ட் லாட்டரி நடந்தது. பிறந்த தேதிகள் எழுதிய 366 நீலக் குப்பிகளை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினார்கள், முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. பணக்காரன் ஏழை என்று பார்க்காத முறை என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். கல்லூரி விலக்கு மட்டும் அப்போதும் தொடர்ந்தது.

சரி, இப்படிப்பட்ட பாட்டு கொடியாட்டுகிறவர்கள் கையில் எப்படிப் போய்ச் சேர்ந்தது? ‘அவர்கள் வரிகளைக் கவனிக்கவில்லை’ என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓரளவு உண்மை. முதல் இரண்டு வரியைத் தனியாக வெட்டி எடுத்தால் கொடியைப் பற்றியும் அதன் மூன்று நிறங்களைப் பற்றியும் பெருமையாகப் பாடுவது மாதிரித்தான் இருக்கும். 2000-களின் தொடக்கத்தில் ரேங்லர் ஜீன்ஸ் விளம்பரம் செய்தது அதைத்தான்: கொடி வரி வரும், பீரங்கி வரிக்கு முன்னால் வெட்டிவிடுவார்கள். ஃபோகர்ட்டி கோபப்பட்டார், பேட்டியில் சொன்னார். தடுக்க மட்டும் அவரால் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதுதான் எனக்கு இந்தப் பாட்டின் கதையிலேயே சுவாரசியமான பகுதி. பாட்டு அவருக்குச் சொந்தமில்லை. இளவயதில் ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் பாடல்களின் பதிப்புரிமை நிறுவனத்துக்குப் போய்விட்டது. அதன் முதலாளி சால் ஜேன்ட்ஸ். சி.சி.ஆர். பாட்டுகளால் வளர்ந்த அந்த நிறுவனத்தின் அதிபர், பிற்பாடு சினிமா தயாரிப்பாளராகி சிறந்த படத்துக்கான ஆஸ்கரை மூன்று முறை வாங்கினார். ஃபோகர்ட்டியோ 1980-ல் அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்காக, பாடகராகத் தனக்கு வரவேண்டிய ராயல்டியையே விட்டுக்கொடுத்தார். அந்தக் கசப்பில் பல வருடம் தன் பழைய பாட்டுகளை மேடையில் பாடவே மாட்டேன் என்றிருந்தார்.

1985-ல் அவர் புதிதாக ஒரு ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது ஜேன்ட்ஸ் தரப்பு வழக்குப் போட்டது. ஒன்று அவதூறு வழக்கு. இன்னொன்றைக் கேட்டால் சிரிப்பு வரும்: அந்த ஆல்பத்தில் இருந்த ‘தி ஓல்ட் மேன் டவுன் த ரோட்’ பாட்டு, 1970-ல் வந்த சி.சி.ஆர். பாட்டு ஒன்றின் நகல் என்றார்கள். அதாவது ஃபோகர்ட்டி ஃபோகர்ட்டியிடமிருந்தே திருடிவிட்டார் என்று குற்றச்சாட்டு. 1988-ல் அவர் சாட்சிக் கூண்டில் கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டி, இரண்டும் ஒரே ஆளின் பாணி, அதனால்தான் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஜூரிக்குப் புரியவைத்து ஜெயித்தார். வக்கீல் செலவை யார் தருவது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-ல் ‘ஃபோகர்ட்டி எதிர் ஃபேன்டஸி’ என்ற தீர்ப்பானது. பதிப்புரிமைச் சட்டம் படிக்கிற அமெரிக்க மாணவர்களுக்கு ஃபோகர்ட்டி என்றால் இதுதான் ஞாபகம் வருமாம்.

இதற்கு நடுவில் 1987 ஜூலை 4-ம் தேதி, வாஷிங்டனுக்கு அருகே வியட்நாம் போர் வீரர்களுக்காக நடந்த நிகழ்ச்சியில் அவர் தன் பிடிவாதத்தை விட்டு சி.சி.ஆர். பாட்டுகளைப் பாடினார். யாருக்காக விட்டார் என்பதைக் கவனியுங்கள். 2014 நவம்பரில் வாஷிங்டனில் நடந்த ‘கான்சர்ட் ஃபார் வேலர்’ நிகழ்ச்சியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டேவ் குரோல், ஸாக் பிரவுன் மூவரும் சேர்ந்து இந்தப் பாட்டைப் பாடியபோது, ராணுவ வீரர்களைக் கௌரவிக்கும் நாளில் ராணுவத்தை எதிர்க்கும் பாட்டா என்று வலதுசாரிப் பத்திரிகைகள் கொதித்தன. நான் மேலே சொன்னபடி பார்த்தால் அதைவிடப் பொருத்தமான மேடை இந்தப் பாட்டுக்கு இல்லை.

டிரம்ப் விவகாரம் 2020 செப்டம்பரில் மிஷிகன் மாநிலத்தில் நடந்தது. கூட்டத்துக்கு அவர் வரும்போது ஸ்பீக்கரில் இந்தப் பாட்டு. டிரம்புக்கு வியட்நாம் காலத்தில் ஐந்து முறை டிராஃப்ட் விலக்கு கிடைத்திருந்தது. நான்கு படிப்புக்காக, ஒன்று குதிகாலில் எலும்பு வளர்ச்சி என்று. பாட்டில் திட்டு வாங்குகிற ஆளே பாட்டைப் போட்டுக்கொண்டு வருகிறாரே என்று ஃபோகர்ட்டி ஒரு வீடியோவில் பொறுமையாக விளக்கினார், பிறகு அக்டோபரில் நிறுத்தச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அமெரிக்காவில் பொது இடத்தில் பாட்டுப் போட அரங்கத்துக்கோ கட்சிக்கோ உரிமம் இருந்தால் போதும், எழுதியவரை ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டியதில்லை. அரசியல் கூட்டங்களுக்கு என் பாட்டு வேண்டாம் என்று உரிமம் தருகிற அமைப்பிடம் விலக்கு கேட்க வழி உண்டு, ஆனால் அதைச் செய்யவும் உரிமை உங்கள் கையில் இருந்தால் சுலபம்.

ஹெலிகாப்டர் விஷயத்துக்கு வந்தால், 1994-ல் வந்த ‘ஃபாரஸ்ட் கம்ப்’ அதைக் கெட்டியாக ஒட்டிவைத்துவிட்டது. அதன்பிறகு ‘பேட்டில்ஃபீல்ட் வியட்நாம்’ போன்ற வீடியோ கேம், அப்புறம் மீம்கள். இப்போது ஹெலிகாப்டர் இறக்கையும் நெல்வயலும் காட்டினால் மனதில் தானாகவே டிரம் அடிக்க ஆரம்பிக்கிறது. இதை நான் பாட்டுக்கு நடந்த பெரிய நஷ்டமாகவே பார்க்கிறேன். விளம்பரம் ஒரு வரியை வெட்டியது. சினிமாவும் கேமும் சேர்ந்து பாட்டையே காலகட்டத்துக்கான பின்னணி இசையாக்கிவிட்டன. வியட்நாம் என்ற சொல்லே இல்லாத பாட்டை வியட்நாமுக்கு மட்டும் சொந்தமாக்கிவிட்டால், இன்றைக்கு யார் பிள்ளை போகிறான், யார் வரி கட்டுகிறான் என்ற கேள்வியை யாரும் கேட்கவேண்டியதில்லை.

ஃபேன்டஸி நிறுவனம் 2004-ல் கான்கார்ட் குழுமத்துக்குக் கைமாறியதும் அவருக்கு ராயல்டி திரும்பக் கிடைத்தது. பதிப்புரிமையின் பெரும்பங்கை அவர் திரும்ப வாங்கியது 2023 ஜனவரியில், 77 வயதில். ஜேன்ட்ஸ் 2014-லேயே காலமாகிவிட்டார்.

பாட்டு பிடித்திருந்தால் அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘எஃபிஜி’யையும் கேளுங்கள். நிக்சனை மனதில் வைத்து எழுதியது. ஆறு நிமிடத்துக்கு மேல், மெதுவாக, மாளிகைப் புல்வெளியில் தொடங்கும் தீ ஊர் முழுக்கப் பரவுவதைப் பற்றி. அதை வெட்டி ஜீன்ஸ் விற்பது கொஞ்சம் கஷ்டம்.